வாசலில் நிற்கும் வேந்தர்

"அம்மா, நான் பட்டமளிப்பு விழாவுக்குப் போகலை."

இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் சாய்ந்தபடி, பேரங்காடியில் பால் வாங்கவில்லை என்று சொல்வதுபோல் சொன்னாள் என் மகள்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு படித்து முடித்தவள். வேலையில் சேர்ந்து மூன்றே வாரம் ஆகியிருந்தது. புது வேலையில் உடனே விடுப்புக் கேட்க அவளுக்குத் தயக்கம். அது எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்குமேல் அவள் அடுக்கிய காரணங்கள்தான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை.

"மேடையில் நிற்கிறது அரை நிமிஷம்கூட இல்லை. அதுக்காக ஒரு நாளே போயிடும். அங்கே கை கொடுக்கிறவர் எனக்குப் பாடம் எடுத்தவரா? என் தாளைத் திருத்தினவரா? சும்மா ஒரு சடங்குதானே? சொல்லுங்க, இந்த வேந்தர் எனக்கு என்ன செஞ்சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "போகணும், அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னேன். பதில் தெரியாதபோது பெற்றோர் சொல்லும் வழக்கமான பதில்தான் அது.

சுவரில் ஓர் ஆணி

நான் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்பதற்கு ஒரு கதை உண்டு.

உயர்நிலை நான்கில் படித்தபோது என் தந்தை இறந்தார். சாதாரண நிலைத் தேர்வை எழுதி முடித்தேன். தேர்வு முடிவு நன்றாகவே வந்தது. ஆனாலும் தொடக்கக் கல்லூரிக்குப் போகாமல் ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனேன். வீட்டில் எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். அம்மா ஈரச்சந்தையில் துப்புரவு வேலை பார்த்தார். யாரும் என்னைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத நிலைமை.

பிறகு கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. கல்யாணம், குழந்தை. முப்பதைத் தாண்டியபின் மாலை நேர வகுப்பில் சேர்ந்தேன். வேலை முடிந்து, வகுப்பு முடிந்து, கடைசிப் பேருந்தில் வீடு திரும்பிய ஆண்டுகள் அவை. ஒருவழியாகப் பட்டம் வாங்கினேன். விழாவுக்கான அழைப்பும் வந்தது.

நான் போகவில்லை.

நாற்பதை நெருங்கும் வயதில், இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு மேலங்கி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பதா என்று எனக்கு வெட்கம். காரணம் அவ்வளவுதான். பட்டச் சான்றிதழ் ஒரு பழுப்பு உறையில் அஞ்சலில் வந்தது.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உறையிலிருந்து சான்றிதழை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சரி. அந்தக் கறுப்பு அங்கி போட்ட படம் எங்கே?" என்று கேட்டார். விழாவுக்குப் போகவில்லை என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்துக்காகவே கூடத்துச் சுவரில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஏற்கெனவே ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார். அன்றுதான் அதைக் கவனித்தேன். அதற்குப் பிறகு அந்த ஆணியில் நாட்காட்டிதான் தொங்கியது. அம்மா இறந்து பல ஆண்டுகளாகிவிட்டன. தோ பாயோவில் அதே வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம்.

ஆகவே, மகளின் கேள்விக்கு நான் பதில் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. அவளுக்காக மட்டுமல்ல, எனக்காகவும். அடுத்த சில வாரங்கள், வேலை முடிந்து வரும் வழியில் நூலகத்தில் இறங்கிப் படித்தேன்.

அதிகாரம் இல்லாத பெரிய நாற்காலி

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகள் சொன்னதில் பாதி உண்மை.

நம் நாட்டில் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் வேந்தர், சிங்கப்பூர் அதிபர்தான். இப்போது அதிபர் தர்மன் சண்முகரத்னம். ஆனால் பல்கலைக்கழகத்தை நடத்துவது வேந்தர் இல்லை. அந்த வேலை, தலைவர் என்ற பதவியில் இருப்பவருடையது. முன்பு அந்தப் பதவிக்குத் துணைவேந்தர் என்று பெயர். தலைவருக்கு மேலே அறங்காவலர் குழு இருக்கிறது. யாரைச் சேர்ப்பது, என்ன பாடம் வைப்பது, கட்டணம் எவ்வளவு, எந்தப் பேராசிரியரை நியமிப்பது என்பது எதுவும் வேந்தரின் மேசைக்கு வருவதில்லை.

அவருடைய வேலை பட்டமளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்குவது, பட்டம் வழங்குவது. அதையும் எல்லா நாளும் அவரே செய்வதில்லை. ஜூலை மாதத்தில் நாள் கணக்கில், காலை, மாலை, இரவு என்று அடுத்தடுத்து விழாக்கள் நடக்கின்றன. முக்கிய விழாவுக்கு வேந்தர் வருவார். மற்றவற்றில் இணைவேந்தரோ வேறு பெரியவரோ அந்த இடத்தில் நிற்பார்.

மலேசியாவில் அரசுப் பல்கலைக்கழகங்களின் வேந்தர்கள் பெரும்பாலும் அரச குடும்பத்தினர். மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் பேராக் சுல்தான் நஸ்ரின் ஷா வேந்தர். அவருக்கு முன்பு அவருடைய தந்தை சுல்தான் அஸ்லான் ஷா அந்தப் பொறுப்பில் இருந்தார். தந்தை, நாட்டின் தலைமை நீதிபதியாகப் பணியாற்றியவர். மகன், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆனாலும் அங்கும் அன்றாட நிர்வாகம் துணைவேந்தர் கையில்தான்.

தமிழகத்தில் கதை வேறு. அங்கே பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர் வேந்தர். துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரமும் அவரிடம் இருந்ததால், அதை மாநில அரசுக்கு மாற்ற 2022ல் சட்டமன்றம் மசோதாக்களை நிறைவேற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. வேந்தரின் கையில் அதிகாரம் இருந்தால் அந்த நாற்காலியைச் சுற்றி இழுபறி வரும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

நம் ஊரிலும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. நன்யாங் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, புகழ்பெற்ற எழுத்தாளர் லின் யூதாங்கை வேந்தராக அழைத்துவந்தார்கள். அவருக்கு நிர்வாகப் பொறுப்பும் இருந்தது. வரவுசெலவுத் திட்டத்தில் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களோடு கருத்து வேறுபட்டு, வகுப்புகள் தொடங்கும் முன்பே 1955ல் அவர் விலகிவிட்டார்.

அதிகாரம் இருந்தால் சண்டை. இல்லாவிட்டால் சடங்கு. அப்படியானால் இந்தப் பதவி எதற்கு?

கம்பித் தடுப்புக்காரர்

இதற்கான பதில் எனக்கு அந்தச் சொல்லின் பிறப்பில் கிடைத்தது.

தமிழில் வேந்தர் என்கிறோம். சேர, சோழ, பாண்டியர் மூவருக்கும் உரிய சொல். மூவேந்தர் என்றால் முடியுடை மன்னர். ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு அரியணை, வெண்கொற்றக் குடை, செங்கோல் எல்லாம் மனத்தில் வந்துவிடுகின்றன. பட்டமளிப்பு விழா ஊர்வலத்திலும் செங்கோல் ஒன்றை ஏந்திவருவார்கள் என்பதால் அந்த நினைப்பு இன்னும் வலுத்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் வழங்கும் 'சான்சலர்' என்ற சொல்லின் வேர் இதற்கு நேர்மாறானது. அது 'கான்செல்லாரியுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமானிய நீதிமன்றத்தில் நீதிபதி இருக்கும் இடத்துக்கும் பொதுமக்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். அந்தத் தடுப்பருகே நின்று ஆட்களை உள்ளே விடும் ஊழியருக்குத்தான் அந்தப் பெயர். எளிமையாகச் சொன்னால் வாசற்காவலர்.

காலப்போக்கில் அந்த ஊழியர் எழுத்தரானார், எழுத்தர் அரசரின் முத்திரையைக் காக்கும் பெரிய அதிகாரியானார். பாரிஸ் நகரத்தின் நோத்ர் தாம் தேவாலயத்தில் அந்தப் பதவிப்பெயர் கொண்டவர்தான், படித்து முடித்தவருக்கு, 'இனி நீ பிறருக்குக் கற்பிக்கலாம்' என்று அனுமதி வழங்கினார். இன்றைய பட்டத்துக்கு முன்னோடி அந்த அனுமதிதான். 13ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபர்டிலும் அந்தப் பதவி வந்துவிட்டது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த ஒரு தகவல் உண்டு. 1179ல் ரோமில் கூடிய திருச்சபைப் பேரவை ஒரு விதி செய்தது. கற்பிக்கும் அனுமதியை வழங்குவதற்குக் காசு வாங்கக்கூடாது, தகுதியுள்ளவர் கேட்டால் மறுக்கவும் கூடாது என்பதே அந்த விதி. ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை ஒவ்வொரு பேராலயமும் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே பேரவை சொன்னது.

ஆக, அந்தப் பதவி உருவானது வாசலில். உள்ளே என்ன கற்றாய் என்பதைச் சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கற்று முடித்து வெளியே வருகிறவரை, 'இவர் இனி நம்மில் ஒருவர், இவரை நம்பலாம்' என்று வெளியுலகின் சார்பில் ஏற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் வேந்தர். அவர் கை கொடுப்பது பல்கலைக்கழகத்தின் சார்பில் மட்டுமல்ல, வாசலுக்கு வெளியே நிற்கும் நம் எல்லாருடைய சார்பிலும்தான்.

வெளியே நிற்கும் நம் எல்லாரும் என்று சொல்வது வெறும் பேச்சல்ல. நம் பல்கலைக்கழகங்களின் வரலாறே அப்படித்தான் தொடங்குகிறது. 1905ல் இங்கே மருத்துவப் பள்ளி திறக்கக் காரணம், டான் ஜியாக் கிம் தலைமையில் வணிகர்களும் மற்றவர்களும் திரட்டிக் கொடுத்த 87,077 வெள்ளி. நன்யாங் பல்கலைக்கழகத்துக்காக டான் லார்க் சை ஐம்பது லட்சம் வெள்ளி கொடுத்தார். அதே நிதிக்காக டிரைஷா ஓட்டுநர்கள் தங்கள் நாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டியபோது, பல்கலைக்கழகத்தின் படியை மிதித்திராத தமிழ்த் தொழிலாளர்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் எந்தப் பட்டமளிப்பு விழா மண்டபத்திலும் உட்கார்ந்ததில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் மேடையில் ஒருவர் நிற்கிறார்.

யார் யார் உட்கார்ந்தார்கள்?

சரி, அந்த நாற்காலியில் இதுவரை யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பெரிய இடத்துப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள் என்ற எண்ணத்தோடுதான் தேடினேன்.

எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபர் 8ஆம் தேதி மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் உருவானது. முதல் வேந்தர் மால்கம் மெக்டானல்ட், இந்த வட்டாரத்துக்கான பிரிட்டிஷ் தலைமை ஆணையர். அவர் தந்தை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். நான் நினைத்ததுபோலவே பெரிய இடம்தான்.

1962ல் அந்தப் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வேந்தரானார். இங்கே சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்கு லீ கோங் சியான். சீனாவின் ஃபூஜியானில் பிறந்து, இங்கு வந்து ரப்பர் வணிகத்தில் உயர்ந்து, ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதியைக் கல்விக்குக் கொடுத்தவர் அவர். அவருக்குப் பிறகு அதிபர் யூசோஃப் இஷாக் வேந்தரானார். அதிபரே வேந்தர் என்ற வழக்கம் அப்படித் தொடர்ந்தது.

அடுத்து வந்த பெஞ்சமின் ஷியர்ஸ், அதே பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1980ல் இரண்டு பல்கலைக்கழகங்கள் இணைந்து தேசியப் பல்கலைக்கழகம் உருவானபோது வேந்தரும் அவர்தான். அவருக்குப் பின் தேவன் நாயர். மலாக்காவில் ரப்பர் தோட்டக் கிராணியின் மகனாகப் பிறந்து, ஆசிரியராகி, தொழிற்சங்கத் தலைவராகி, ஆங்கிலேயர் காலத்தில் சிறையும் சென்றவர்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது.

வீ கிம் வீ. அவருக்கு எட்டு வயதானபோது தந்தை இறந்தார். ராஃபிள்ஸ் பள்ளியில் இரண்டு ஆண்டு படித்ததோடு படிப்பை விட்டுவிட்டு, 1930ல் ஒரு நாளிதழின் விநியோகப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். பிறகு செய்தியாளர், தூதர், அதிபர். 1991ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் வேந்தர் அவரே.

ஹலிமா யாக்கோப். அவருக்கும் எட்டு வயதில் தந்தை இறந்தார். தந்தை காவல்காரர் வேலை பார்த்தவர். தாயார் தள்ளுவண்டியில் நாசி பாடாங் விற்று ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். கடையில் தாய்க்கு உதவிக்கொண்டே படித்த மகள், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1978ல் பட்டம் பெற்றார். பின்னாளில் அதன் வழிவந்த பல்கலைக்கழகத்துக்கே வேந்தரானார்.

மூன்றாமவர் எஸ்.ஆர். நாதன். அவருக்கும் எட்டு வயதில்தான் தந்தை போனார்.

எட்டு வயதில் தந்தையை இழந்த மூன்று பிள்ளைகள், நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு வேந்தர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். நூலகத்தில் அந்தப் பக்கங்களை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வீட்டைவிட்டு ஓடிய பிள்ளை

நாதன் ஐயாவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு அவரை அதிபராகத் தெரியும். அவர் எப்படிப் படித்தார் என்பது அந்த அளவுக்குத் தெரியாது.

1924 ஜூலை 3ஆம் தேதி சிங்கப்பூரில் பிறந்தார் செல்லப்பன் ராமநாதன். தந்தை வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர். வேலை நிமித்தம் குடும்பம் ஜோகூரின் மூவாருக்குப் போனது. கடலைப் பார்த்த வீடு, வசதியான வாழ்க்கை. உலகப் பொருளாதார மந்தம் வந்தது, ரப்பர் விலை சரிந்தது, குடும்பம் கடனில் மூழ்கியது. தந்தை தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தாயும் பிள்ளைகளும் சிங்கப்பூருக்குத் திரும்பினார்கள்.

பள்ளியில் அந்தப் பிள்ளை நிலைக்கவில்லை. 16 வயதில் தாயோடு ஏற்பட்ட சச்சரவில் வீட்டைவிட்டே ஓடிப்போனார். கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தார். ஜப்பானியர் ஆட்சி வந்தபோது ஜப்பானிய மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளரானார். போர் முடிந்தபின் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே, விட்டுப்போன பள்ளிப் படிப்பைத் தாமாகப் படித்து முடித்தார்.

அதற்குப் பிறகுதான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டினார். 1954ல் சமூகவியல் பட்டயப் படிப்பைச் சிறப்புத் தேர்ச்சியுடன் முடித்தபோது அவருக்கு வயது முப்பது. அது பட்டம்கூட இல்லை, பட்டயம். முப்பது வயதில் இளம் மாணவர்களோடு உட்கார்ந்து படிப்பதற்கு அவர் வெட்கப்படவில்லை. அந்த வரியைப் படித்தபோது என் பழுப்பு உறை ஞாபகம் வந்தது.

பட்டயத்தை வைத்து மருத்துவமனையில் சமூக ஊழியரானார். பிறகு மாலுமிகள் நலன் அதிகாரி. தொழிற்சங்க ஆய்வுப் பிரிவு, வெளியுறவு, தற்காப்பு என்று வளர்ந்தார். 1974ல் புக்கோம் தீவு எண்ணெய் நிலையத்தைத் தாக்கிய ஆயுதக்காரர்கள் 'லாஜு' என்ற படகைக் கைப்பற்றிப் பிணையாளிகளைப் பிடித்துவைத்தார்கள். பிணையாளிகளை விடுவிப்பதற்கு ஈடாக, அரசாங்க அதிகாரிகள் சிலர் அந்த ஆயுதக்காரர்களோடு குவைத்துக்கு விமானத்தில் போக வேண்டியிருந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனவர் நாதன். உயிரோடு திரும்புவோமா என்று தெரியாத பயணம் அது.

1999ல் அதிபரானார். அதோடு தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் வேந்தரானார். 12 ஆண்டுகள். பள்ளிப் படிப்பையே தவறவிட்ட பிள்ளை, அத்தனை ஆண்டுகளும் மேடையில் நின்று மற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுத்தார். பதவியிலிருந்து இறங்கிய அடுத்த ஆண்டு, 2012ல், தேசியப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது வேந்தராக இருந்தவர் அதிபர் டோனி டான், அதே பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்.

2016 ஆகஸ்டில் நாதன் காலமானார். அவருடைய அரசாங்க மரியாதையுடனான இறுதிச் சடங்கு தேசியப் பல்கலைக்கழகத்தின் கலாசார நிலையத்தில் நடந்தது. 'பொற்காலம்' படத்தில் வரும், அவருக்குப் பிடித்த ஒரு பாட்டை அங்கே ஒலிக்கச் செய்தார்கள். பல ஊர் மண்ணைச் சேர்த்துப் பொம்மை செய்வதைப் பற்றிய பாட்டு அது. பல இனத்தவர் சேர்ந்த சிங்கப்பூருக்கு அது பொருந்தும் என்று அவர் நினைத்தாராம். வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த என் அண்டை வீட்டு மலாய்க்கார அம்மா என்னிடம் வந்து, "அது என்ன பாட்டு?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

பட்டமளிப்பு விழாக்கள் நடப்பதும் அதே மண்டபத்தில்தான்.

இப்போதைய வேந்தர் தர்மன் சண்முகரத்னத்தின் பின்னணி வேறு மாதிரி. அவருடைய தந்தை பேராசிரியர் கா. சண்முகரத்னம், நோய்க்கூறு இயல் துறையில் பெயர்பெற்றவர். சிங்கப்பூரில் புற்றுநோய்ப் பதிவகத்தைத் தொடங்கியவர். தந்தை கற்பித்த பல்கலைக்கழகத்துக்கு இன்று மகன் வேந்தர். கிள்ளானில் பிறந்த ஜே.ஒய். பிள்ளை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர், 2015 முதல் சில ஆண்டுகள் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தராக இருந்தார். வசதியான பின்னணி, வறுமைப் பின்னணி இரண்டையும் அந்த நாற்காலி பார்த்திருக்கிறது. எல்லா வேந்தர்களும் வறுமையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே உட்காரப் பட்டம் ஒரு நிபந்தனையாக இருந்ததில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மகளுக்குச் சொன்ன பதில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை ஊற்றிக்கொண்டே இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"வேந்தர் உனக்கு ஒண்ணும் செய்யலை. அது உண்மைதான். உன்னைப் படிக்கவைச்சது உன் வாத்தியாருங்க. காசு கொடுத்தது நானும் அரசாங்கமும். ஆனா நீ உள்ளே போய்ப் படிச்சே. வெளியே நின்ன ஜனங்க நிறைய பேரு. உன் பாட்டி மாதிரி, என்னை மாதிரி. அவங்க எல்லாரும் மேடைக்கு வரமுடியாது. அவங்களுக்குப் பதிலா ஒருத்தர் நிக்கிறார். நீ போகலைன்னா அவர் கையை நீட்டிட்டு நிப்பார், நீ இருக்கமாட்டே."

"அம்மா, அவர் அடுத்த ஆளுக்குக் கை கொடுப்பார்" என்று சிரித்தாள்.

அதன்பிறகுதான் ஆணியைப் பற்றிச் சொன்னேன். அதுவரை அவளிடம் சொன்னதில்லை. பாட்டி அந்தச் சுவரில் எதற்கு ஆணி அடித்தார், ஏன் அதில் நாட்காட்டி தொங்குகிறது, நான் ஏன் என் விழாவுக்குப் போகவில்லை என்றெல்லாம் சொன்னேன். அவள் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை, "அரை நாள் விடுப்புக் கிடைச்சிருச்சு" என்று குறுஞ்செய்தி வந்தது.

விழாவன்று வந்தவர் அதிபர் இல்லை. அவருடைய இடத்தில் வேறொரு பெரியவர் நின்றார். செங்கோலோடு ஊர்வலம் வந்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். சீனப் பெயர், மலாய்ப் பெயர், தமிழ்ப் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் மண்டபத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து மட்டும் கைத்தட்டல் சற்று அதிகமாக வந்தது. அங்கே அந்தப் பிள்ளையின் வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.

என் மகளின் பெயரை வாசித்தபோது எங்கள் மூலையில் நானும் என் தம்பியும்தான். எங்களால் முடிந்த அளவு தட்டினோம். மேடையில் அவர் அவளிடம் ஏதோ கேட்டதும், அவள் எங்கள் பக்கம் தலையைத் திருப்பியதும் தெரிந்தன.

வெளியே வந்தபின், "என்ன கேட்டார்?" என்றேன்.

"யார் வந்திருக்காங்கன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"அம்மாவும் மாமாவும்னு சொன்னேன். நல்லாயிருங்கன்னு சொன்னார். அதுக்குள்ளே அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டாங்க."

அரை நிமிடம்கூட இல்லை. அவள் சொன்னது சரிதான்.

இந்த ஆண்டும் ஜூலை வருகிறது. உங்கள் வீட்டில் யாராவது, 'சும்மா ஒரு சடங்கு' என்று சொன்னால் அவர்களோடு சண்டை போடாதீர்கள். ஒரு கதை சொல்லிக் கூட்டிப்போங்கள். வயது கடந்து படித்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: வெட்கப்படாதீர்கள். முப்பது வயதில் பட்டயம் வாங்கியவர் ஒருவர் அந்த மேடையின் நடுவில் 12 ஆண்டுகள் நின்றிருக்கிறார்.

எங்கள் வீட்டு நாட்காட்டி இப்போது அடுப்படிக் கதவின் பின்னால் தொங்குகிறது. ஆணியில் கறுப்பு அங்கி போட்ட படம் இருக்கிறது.